மாலை மயங்கியபின் வீட்டுக்குள் இருக்க முடிந்தவர்கள்

1900ஆம் ஆண்டுக் கோடையில், ரோமுக்கு அருகே ஓஸ்தியாவை ஒட்டிய கடலோரச் சதுப்பில் ஒரு மரக்குடில் எழுந்தது. கதவுகளுக்கும் சன்னல்களுக்கும் கம்பிவலை அடித்திருந்தார்கள். லண்டன் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த லூயி சாம்பன், ஜார்ஜ் கார்மைக்கேல் லோ என்ற இரண்டு மருத்துவர்கள் சில துணையாட்களோடு அதில் குடியேறினார்கள். சோதனையை வகுத்தவர் பாட்ரிக் மேன்சன். இத்தாலியிலேயே மலேரியாவுக்குப் பேர்போன பகுதி அது. குடிலில் இருந்தவர்கள் மலேரியா மருந்தான கொயினாவைச் சாப்பிடவில்லை. பகலில் இஷ்டம்போல் சுற்றினார்கள், மழையில் நனைந்தார்கள், ஊர்த் தண்ணீரையே குடித்தார்கள். சதுப்பின் நச்சுக்காற்றுதான் காய்ச்சல் தருகிறது என்று பல நூற்றாண்டுகளாக நம்பப்பட்டதால், அந்தக் காற்று தாராளமாக உள்ளே வரட்டும் என்று இரவில் சன்னல்களைத் திறந்தே வைத்தார்கள். அவர்கள் கடைப்பிடித்த கட்டுப்பாடு ஒன்றே ஒன்று: பொழுது சாயுமுன் உள்ளே வந்துவிட வேண்டும், விடியும்வரை வெளியே போகக் கூடாது. ஜூலை முதல் அக்டோபர் வரை இப்படி இருந்தார்கள். ஒருவருக்கும் மலேரியா வரவில்லை. அதே ஆண்டில் ரோமிலிருந்து லண்டனுக்கு அனுப்பப்பட்ட, நோய்க்கிருமி தாங்கிய கொசுக்கள் மேன்சனின் மகனைக் கடித்தன. மலேரியா நாட்டில் தங்கி நோய் வாங்கிக்கொள்ள வாய்ப்பே இல்லாத அந்த இளைஞருக்கு மலேரியா கண்டது.

கொசுதான் நோயைக் கடத்துகிறது என்பதை உலகம் ஒப்புக்கொள்ளச் செய்ததற்காக இந்தச் சோதனை மருத்துவ நூல்களில் இடம்பெற்றிருக்கிறது. அந்த ஒற்றைக் கட்டுப்பாட்டை நான் வேறொரு காரணத்துக்காக முக்கியமாகக் கருதுகிறேன். வெப்பமண்டலத்துக்குப் பயணம் போகிறவர் கொசுக்கடி நோயிலிருந்து தப்ப என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் மாத்திரை, வலை, பூசும் தைலம் என்று பொருள்களின் பட்டியல்தான் பதிலாக வருகிறது. தற்காப்பின் வரலாறும் பெரும்பாலும் அந்தப் பொருள்களைக் கண்டுபிடித்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. கடந்த இருநூறு ஆண்டுச் சான்றுகளைப் பார்த்தால், பொருள் கையில் இருந்தும் சாவு குறையாத இடங்கள் பல. குறைந்த இடங்களில் பொருளோடு இன்னொன்றும் இருந்தது. எப்போது எழுவது, எங்கே படுப்பது, அந்தி வேளையில் எங்கே இருப்பது என்பதைத் தானே தீர்மானிக்கும் உரிமை அது. அந்த உரிமை உள்ளவருக்கே வலையும் மாத்திரையும் முழுப்பயன் தந்திருக்கின்றன என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

மாத்திரையிலிருந்து தொடங்கலாம். ஆண்டிஸ் மலைச்சரிவில் வளரும் சிங்கோனா மரத்தின் பட்டை முறைக்காய்ச்சலைத் தணிக்கும் என்பது பதினேழாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவுக்குத் தெரியும். ஏசு சபைப் பாதிரிமார் அதைப் பரப்பினார்கள். பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், நோய் வந்தபின் கொடுப்பது இருக்கட்டும், வெப்பநாட்டுக் கரையில் இறங்குகிறவர்கள் முன்கூட்டியே பட்டையைச் சாப்பிட வேண்டும் என்று 1768ஆம் ஆண்டு நூலிலேயே பரிந்துரைத்தார். 1820இல் பாரிஸில் பெல்த்தியேயும் கவாந்துவும் பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தார்கள். ஆக, 1820களில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குப் போன ஐரோப்பியருக்கு மருந்தும் இருந்தது, அதை எப்படிச் சாப்பிடுவது என்ற அறிவுரையும் இருந்தது. இருந்தும் 1817 முதல் 1836 வரை சியரா லியோனில் இருந்த பிரிட்டிஷ் படையினரின் சாவு விகிதம் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 483. 1832இல் மக்ரெகர் லேயர்டு நைஜர் ஆற்றில் நடத்திய பயணத்தில் 48 ஐரோப்பியரில் 9 பேர்தான் உயிரோடு திரும்பினார்கள்.

1841இல் பிரிட்டிஷ் அரசே நைஜருக்கு மூன்று நீராவிக் கப்பல்களை அனுப்பியது. அடிமை வியாபாரத்தை ஒழிப்பதும், ஆற்றோரத்தில் ஒரு மாதிரிப் பண்ணை அமைப்பதும் நோக்கம். காய்ச்சலைத் தடுக்கவும் பெரும் ஏற்பாடு செய்தார்கள். ஆற்றின் நச்சுக்காற்றை ரசாயனத்தால் தூய்மைப்படுத்திக் கப்பலின் அறைகளுக்குள் செலுத்தும் காற்றோட்டக் கருவிகள் பொருத்தப்பட்டன. அன்றைய அறிவியல் தந்த மிகச் சிறந்த தற்காப்பு அதுதான். ஆகஸ்டில் ஆற்றில் நுழைந்தார்கள். செப்டம்பரிலேயே கப்பல்கள் நோயாளிகளால் நிறைந்தன. கடைசிக் கப்பலான ஆல்பர்ட்டை ஆற்றிலிருந்து கடலுக்குக் கொண்டுவர மாலுமிகளில் நலமானவர்கள் போதவில்லை. மருத்துவர் மெக்வில்லியம் கப்பலைச் செலுத்த, நிலவியல் அறிஞர் ஸ்டேங்கர் புத்தகத்தைப் பார்த்து இயந்திரத்தை ஓட்டினார். நாற்பதுக்கும் மேற்பட்ட ஐரோப்பியர் காய்ச்சலில் இறந்தார்கள். காரணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டால் எவ்வளவு பணமும் நல்லெண்ணமும் வீணாகும் என்பதற்கு இதைவிடச் சோகமான உதாரணம் அரிது.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1854இல், லேயர்டு கட்டிய பிளையட் என்ற கப்பல் அதே ஆற்றில் நுழைந்தது. தலைமை தாங்க வேண்டியவர் ஆற்றுப் பயணம் தொடங்குமுன் இறந்துவிட, மருத்துவரான வில்லியம் பால்ஃபர் பெய்க்கி பொறுப்பேற்றார். 12 ஐரோப்பியரும் 54 ஆப்பிரிக்கரும் 118 நாள் ஆற்றில் இருந்தார்கள். ஒருவர்கூட இறக்கவில்லை. பெய்க்கி ஐரோப்பியர்களுக்குத் தினமும் ஆறு முதல் எட்டு கிரெயின், அதாவது ஏறக்குறைய அரை கிராம் கொயினாவை ஷெர்ரி மதுவில் கலந்து கொடுத்தார். கடற்படை மருத்துவர் அலெக்சாண்டர் பிரைசன் 1847இல் வெளியிட்ட அறிக்கை இதற்கு வழிகாட்டியது. கரைக்குப் போகும் படகுக்காரர்கள் கொயினாவைப் போகுமுன் தொடங்க வேண்டும், திரும்பியபின்னும் பதினான்கு நாள் நிறுத்தக் கூடாது என்று அவர் வற்புறுத்தினார். கிருமி எது, கொசு எது என்று எதுவும் தெரியாத காலத்தில் வெறும் பதிவேடுகளைப் பார்த்து அவர் கண்ட விதி இது. இன்றும் பயணிகளுக்குத் தரப்படும் மலேரியா தடுப்பு மாத்திரைகளை ஊர் திரும்பியபின், மருந்துக்கு ஏற்ப ஒரு வாரமோ நான்கு வாரமோ தொடரச் சொல்கிறார்கள். கல்லீரலிலும் ரத்தத்திலும் கிருமி எஞ்சியிருக்கலாம் என்பது காரணம். ஊர் வந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டுக் காய்ச்சலில் விழுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பிளையட்டின் வெற்றியைக் காட்டி, ஆப்பிரிக்காவைத் திறந்தது கொயினாதான், மற்றதெல்லாம் பின்னணி என்று வாதிடுபவர்கள் உண்டு. கொயினாவின் பங்கை நான் குறைக்கவில்லை. ஆனால் 1854இல் மாறியது கொயினா மட்டுமல்ல. கப்பலில் ஐரோப்பியரின் எண்ணிக்கை வெகுவாகக் குறைக்கப்பட்டிருந்தது; ஆற்றில் நேரும் உடலுழைப்பு பெரும்பாலும், குழந்தைப் பருவத்திலேயே நோயைத் தாண்டி ஓரளவு எதிர்ப்பு பெற்ற ஆப்பிரிக்கர்கள் மேல் விழுந்தது. மருந்தைத் தினமும் தன் கண்முன் குடிக்கவைக்கும் மருத்துவரே அங்கே தலைவர். ஒரு சிறு குழுவின் சாப்பாடு, தூக்கம், வேலை எல்லாமே ஒரு மருத்துவர் கையில் இருந்த அபூர்வமான நிலைமை அது. கொயினா அங்கே அவ்வளவு நன்றாக வேலை செய்ததற்கு இந்த நிலைமையும் காரணம் என்பதை, அதே மருந்து வேறு நிலைமைகளில் தோற்ற கதைகளை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும்.

அந்தக் கதைகளில் ஒன்று நம் நீலகிரியின் வழியாகப் போகிறது. கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து கடத்திவந்த சிங்கோனாச் செடிகள் 1860களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் மெக்கைவர் என்ற தோட்டக்கலை வல்லுநரின் பொறுப்பில் நடப்பட்டன. மரம் வைத்துப் பாடுபட்டவர்களில் நடுவட்டம் சிறையில் இருந்த சீனக் கைதிகளும் அடக்கம். ஆனால் அந்த வகைகளில் கொயினாச் சத்து குறைவு. மிகச் செறிந்த வகையின் விதையைப் பொலிவியாவில் தேடியெடுத்துத் தந்தவர் மானுவேல் இன்க்ரா மமானி என்ற அய்மரா இனத்தவர். அந்த விதைக்காகவே பின்னர் சிறைப்பட்டு, அடிபட்டு இறந்தார். சார்லஸ் லெட்ஜர் மூலம் வந்த அந்த விதையை 1865இல் டச்சு அரசு வாங்கி ஜாவாவில் நட்டது. அடுத்த அரை நூற்றாண்டுக்குள் உலகின் கொயினாவில் பத்தில் ஒன்பது பங்கு ஜாவாவிலிருந்து வரலாயிற்று. இந்தியாவில் 1892 முதல் வங்காளத் தபால் நிலையங்களில் கொயினாப் பொட்டலங்கள் காலணாவுக்கு விற்கப்பட்டன. காய்ச்சல் வந்த ஏழைக்கு அதனால் கிடைத்த ஆறுதல் சிறிதல்ல. என்றாலும் தினமும் முன்கூட்டியே சாப்பிட்டு நோயைத் தவிர்க்கும் ஏற்பாடு ராணுவத்துக்கும் சிறைக்கும் அதிகாரிகளுக்கும் உரியதாகவே பெரும்பாலும் இருந்தது. நீலகிரி மலைச்சரிவில் பட்டை உரித்த கையும் அந்த மருந்தைத் தற்காப்பாகச் சாப்பிட்ட வாயும் ஒன்றல்ல.

1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டபின், அடுத்த ஆண்டே இத்தாலியில் கிராஸியும் அவருடைய சகாக்களும் அனோபிலிஸ் கொசுவையே குற்றவாளியாக நிறுவினார்கள். அதன்பின் மூன்று வழிகள் திறந்தன. கொசு பெருகும் தண்ணீரை ஒழிக்கலாம் என்றார் ராஸ். மனித ரத்தத்தில் உள்ள கிருமியைக் கொயினாவால் ஒழிக்கலாம் என்றார் ராபர்ட் கோக். மூன்றாவது வழி, நோய் உள்ளவர்களிடமிருந்து விலகிக் குடியிருப்பது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஆய்வு செய்த ஸ்டீபன்ஸ், கிறிஸ்டோபர்ஸ் இருவரும் உள்ளூர்க் குழந்தைகளின் ரத்தத்திலேயே கிருமி மிகுதி என்று கண்டு, ஐரோப்பியர் ஊரைவிட்டு எட்டக் குடியிருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். கிறிஸ்டோபர்ஸ் பின்னாளில் சென்னை கிண்டியில் உள்ள கிங் நிறுவனத்திலும் பணியாற்றியவர்.

அந்தப் பரிந்துரை சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுனில் கட்டடமாகவே எழுந்தது. ஊருக்கு மேலே குன்றின்மேல் ஐரோப்பிய அதிகாரிகளுக்கென்று ஒரு குடியிருப்பு. 1904இல் அதற்கென்றே ஒரு ரயில் பாதை. அதிகாரிகள் பகலெல்லாம் ஊரில் வேலை பார்த்துவிட்டு மாலையில் ரயிலேறிக் குன்றுக்குப் போய்விடுவார்கள். அனோபிலிஸ் கடிப்பது பெரும்பாலும் அந்திக்கும் விடியலுக்கும் இடையில் என்பதால், பகலில் ஆப்பிரிக்கர்களோடு பழகுவதில் ஆபத்தில்லை, இரவில் அவர்கள் அருகில் உறங்கக் கூடாது என்பதே ஏற்பாட்டின் அடிப்படை. ஓஸ்தியாக் குடிலின் கட்டுப்பாட்டை ஒரு நகரத்தின் அமைப்பாகவே ஆக்கிவிட்டார்கள் என்று சொல்லலாம். கீழே ஊரில் இருந்த குழந்தைகளுக்கு இதனால் எந்த நன்மையும் இல்லை. இதற்கு மாற்று இல்லாமலும் இல்லை. அதே காலத்தில் லாகோஸின் ஆளுநராக இருந்த வில்லியம் மக்ரெகர், அவரே ஒரு மருத்துவர், குடியிருப்பைப் பிரிக்க மறுத்தார். எல்லோருக்கும் கொயினா கொடுத்தார், சதுப்பைத் தூர்த்தார், பொதுமக்களுக்குச் சொற்பொழிவுகள் நடத்தச் செய்தார். காலனி அதிகாரியாக இருந்தும் அவர் எடுத்த அந்த நிலைக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். பனாமாக் கால்வாய் வெட்டியபோதும் இதே பிளவு தெரிந்தது: அங்கே சுகாதாரப் பொறுப்பில் இருந்த கோர்காஸின் ஆட்கள் தண்ணீரை வடித்ததும் எண்ணெய் தெளித்ததும் எல்லோருக்கும் உதவின, கம்பிவலை அடித்த வீடுகள் முதன்மையாக வெள்ளை ஊழியர்களுக்கே கிடைத்தன, மேற்கிந்தியத் தொழிலாளர்களில் பலர் வலையற்ற கொட்டகைகளிலும் புதர்க் குடிசைகளிலும் உறங்கினார்கள்.

இதுவரை சொன்னதில் பயணி என்ற சொல் ஐரோப்பியரையே குறித்து வந்தது. வெப்பமண்டலச் சுகாதார நூல்களும் அப்படித்தான் எழுதப்பட்டன. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் வெப்பமண்டலத்துக்குள் மிகப் பெரிய எண்ணிக்கையில் பயணம் செய்தவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட வலயக் காடுகளின் வழியாக மாத்தளைவரை சுமார் 150 மைல் நடந்தார்கள். இலங்கைத் தீவில் மலேரியா மிகக் கொடுமையாக இருந்த நிலம் அது. கையில் கஞ்சிக்கான அரிசியும் ஒரு கம்பளியும் இருக்கும். இரவில் வழியோரத்தில் படுக்க வேண்டும். காலரா, பசி, காய்ச்சல் மூன்றும் சேர்ந்து அவர்களைக் கொன்றன. எத்தனை பேர் என்பதில் வரலாற்றாசிரியர்கள் உடன்படவில்லை. ஏராளம் என்பதில் மறுப்பில்லை. பின்னாளில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல், 1914 முதல் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பலும் அதையடுத்த ரயிலும் என்று வழி மாறியது. அந்தக் காட்டில் பல இரவுகள் திறந்தவெளியில் படுக்க வேண்டிய கட்டாயம் நீங்கியது. கொயினாவோ வலையோ தராத பாதுகாப்பை ஒரு ரயில் பெட்டி தந்தது.

மலாயாவுக்குப் போனவர்களின் கதை இன்னும் தெளிவான சான்று, ஏனென்றால் அதைக் கவனமாகப் பதிவு செய்த ஒரு மருத்துவர் இருந்தார். மால்கம் வாட்சன் 1901இல் கிள்ளானுக்கு வந்தார். அந்த ஆண்டே அங்கே மலேரியா வெடித்தது; புதிதாகத் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை, இன்றைய போர்ட் கிள்ளானை, மூடிவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்குப் போனது. வாட்சன் சதுப்பை வடித்தார், புதரை வெட்டினார், சில ஆண்டுகளில் நோய் பெருமளவு அடங்கியது. பிறகு ரப்பர் விலை ஏறிற்று. காட்டை அழித்துத் தோட்டம் போட ஆயிரக்கணக்கான தமிழர்கள் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலேறினார்கள். சில தோட்டங்களில் ஓராண்டில் ஆயிரம் பேருக்கு இருநூறுக்கு மேல் செத்தார்கள். ஆற்றோரச் சமவெளித் தோட்டங்களில் காட்டை வெட்டி நீரை வடித்ததும் நிழலை விரும்பும் கொசுவகை மறைந்து நோய் குறைந்தது. அதே வேலையை மலைத் தோட்டங்களில் செய்தபோது நோய் ஏறியது. காரணத்தைத் தேடி, அனோபிலிஸ் மாகுலாட்டஸ் என்ற வகை வெயில் படும் தெளிந்த ஓடை நீரில் பெருகுகிறது, காடு வெட்டப்பட்டதே அதற்கு வாழ்வு கொடுத்தது என்று கண்டார்கள். அங்கே ஓடைகளை நிலத்தடிக் குழாய்களுக்குள் விடவும் எண்ணெய் தெளிக்கவும் வேண்டியிருந்தது. ஒரே நாட்டில், ஒரே நோய்க்கு, கொசுவின் இனத்துக்கேற்ப எதிரெதிரான மருந்து தேவை என்ற இந்தக் கண்டுபிடிப்பு மலேரியா ஒழிப்பு வரலாற்றின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று.

தோட்டங்களில் கொயினாவும் கொடுத்தார்கள். காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, டிரெசர் என்ற மருத்துவ உதவியாளர் ஊற்றிக் கொடுப்பார். வாட்சன் அதை நம்பித்தான் முதலில் மலைத் தோட்டங்களைக் காக்க முயன்றார். சாவைக் குறைத்தது, நோயை நிறுத்தவில்லை. ஏன் என்று பார்க்க ஒரு தோட்டத் தொழிலாளியின் நாளை எடுத்துக்கொள்வோம். ரப்பர்ப் பால் நன்றாக ஒழுகுவது வெயில் ஏறுமுன் என்பதால் இருட்டிலேயே எழுந்து பெரட்டுக்குப் போக வேண்டும். உறங்குவது லயத்தில்: வரிசையாகக் கட்டிய அறைகள், ஓர் அறையில் பலர். புகை போகவும் காற்று வரவும் வைத்த திறப்புகள் வழியே கொசு தாராளமாக வரும். லயம் எங்கே இருக்க வேண்டும், ஓடைக்கு எவ்வளவு தூரத்தில் என்று தீர்மானிப்பவர் துரை. தண்ணீருக்கு வசதி என்று ஓடையோரத்தில் கட்டுவார்கள். மாலையில் கிணற்றடி, அடுப்படி, பிள்ளைகளின் காய்ச்சல். ஓஸ்தியா மருத்துவர்களுக்கு எளிதாக இருந்த கட்டுப்பாடு இவர்களுக்கு எந்த வகையிலும் சாத்தியமில்லை. வாட்சன் வடிகாலையே கடைசியில் நம்பியதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வடிகால், தொழிலாளியின் பொழுதைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. அவர் தூங்கினாலும் விழித்தாலும், மாத்திரையை விழுங்கினாலும் துப்பினாலும், கொசு பிறக்கவில்லை என்றால் கடி இல்லை.

துப்பினாலும் என்று சொன்னதில்தான் நான் சொல்வதற்கு எதிரான வலுவான வாதம் இருக்கிறது. கூலிகள் அறியாமையால் கொயினாவை மறுத்தார்கள், கொடுத்த கம்பளியையும் வலையையும் விற்றுவிட்டார்கள், எனவே தவறு உரிமையின்மையில் இல்லை, மனிதர்களின் பழக்கத்தில் இருக்கிறது என்று அன்றைய தோட்டக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மறுத்தார்கள் என்பது உண்மை. கொயினா கசக்கும், காதில் ஓயாத இரைச்சலைக் கிளப்பும், குமட்டும். அன்றைய கூலி அன்றைய வேலையைப் பொறுத்தது. ஆனால் இந்த மறுப்பைத் தமிழ்க் கூலியின் குணமாகக் காட்டுவது தவறு. முதல் உலகப் போரில் சலோனிக்கா முனையில் பிரிட்டிஷ் படைக்குக் கொயினா முறையாக வழங்கப்பட்டது. மலேரியாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட எண்ணிக்கை ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. இரண்டாம் உலகப் போரில் ஜாவா ஜப்பானியர் கைக்குப் போனதும் கொயினாவுக்குப் பதிலாக மெப்பாகிரின் மாத்திரை வந்தது. அது தோலை மஞ்சளாக்கும். ஆண்மையைக் கெடுக்கும் என்று வதந்தி பரவ, படித்த சிப்பாய்களும் கூட எறிந்தார்கள். பர்மா முனையில் தளபதி ஸ்லிம் திடீர்ச் சோதனை நடத்தி, மாத்திரை சாப்பிடாத படைப்பிரிவின் தலைவர்களைப் பதவிநீக்கம் செய்யத் தொடங்கினார். மூன்று பேரை நீக்கியதும் மற்றவர்கள் வழிக்கு வந்தார்கள், நோயும் சரிந்தது. தனக்கு உகந்த பொழுதில் வாழாத எவரும், எந்த நாட்டவரானாலும், நோய் வருமுன் மருந்து சாப்பிடுவதில் தளர்கிறார்கள். அதைச் சரிசெய்ய மேலதிகாரியின் பொறுப்பு தேவைப்பட்டது. தோட்டத்தில் அந்தப் பொறுப்பு துரையுடையது. அறியாமை என்ற குற்றச்சாட்டு அந்தப் பொறுப்பைத் தொழிலாளியின் தலையில் மாற்றி வைத்தது.

பொருள் இருப்பது பாதுகாப்பாகாது என்பதற்கு மிகக் கொடுமையான சான்று அதே போர்க்காலத்தில் கிடைத்தது. 1942 முதல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ரயில் பாதை போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டார்கள். நல்ல கூலி என்று சொல்லிச் சிலரை, பிடித்துக்கொண்டுபோய்ச் சிலரை. உலகக் கொயினாவின் பெரும்பங்கு விளைந்த ஜாவா அப்போது ஜப்பானியர் கையில் இருந்தது. ஆனால் மழைக்காட்டின் நடுவே கூரை ஒழுகும் மூங்கில் கொட்டகைகளில் படுத்த அந்தத் தமிழர்களுக்கு மருத்துவரும் இல்லை, மருந்தும் இல்லை. மலேரியா, காலரா, சீதபேதி, ஆறாத புண், பட்டினி என்று மாண்டார்கள். ஐரோப்பியப் போர்க்கைதிகளிடையே சில ராணுவ மருத்துவர்களாவது இருந்தார்கள், பெயர்ப்பட்டியல் இருந்தது. மலாயாக் குடும்பங்களில் பலருக்குத் தங்கள் ஆள் எங்கே புதைக்கப்பட்டார் என்பதே தெரியாமல் போனது. மலேசியத் தமிழரிடையே சயாம் மரண ரயில் என்று நினைவுகூரப்படும் இந்தத் துயரம் வெப்பமண்டல மருத்துவத்தின் வரலாற்றிலும் ஓர் அத்தியாயமாக வைக்கப்பட வேண்டும். இன்றுவரை அது போரின் வரலாற்றோடு நின்றுவிடுகிறது.

அதெல்லாம் அந்தக் காலம், இன்றைய பயணிக்கு இவை எதற்கு என்று கேட்கலாம். பூச்சிக்கொல்லி தோய்த்த வலை இருக்கிறது, 1946இல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவான டீட் தைலம் இருக்கிறது, புதிய தடுப்பு மாத்திரைகள் இருக்கின்றன. உண்மைதான்; மலேரியா உள்ள நாட்டுக்குப் போகிறவர் இவற்றைப் பயன்படுத்தியே ஆக வேண்டும், மருத்துவரைக் கேட்டுப் புறப்படுமுன்னரே மாத்திரையைத் தொடங்க வேண்டும், திரும்பியபின் காய்ச்சல் கண்டால் போய்வந்த நாட்டைச் சொல்லி உடனே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். என் வாதம் இவற்றுக்கு எதிரானதல்ல. விடுதி அறையில் குளிரூட்டியோடு உறங்கும் சுற்றுலாப் பயணிக்கு இவை ஏறத்தாழ முழுப் பாதுகாப்புத் தருவதே, அவருடைய பொழுது அவர் கையில் இருப்பதால்தான். டெங்குவைப் பாருங்கள். அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கிறது, காலையிலும் மாலைக்கு முன்னும் அதிகம். இரவு வலையால் பெரும்பயன் இல்லை. முழுக்கைச் சட்டையும் தைலமும் உதவும். ஆனால் வேலைத்தளத்தில் வியர்வையோடு நிற்பவரின் தோலில் தைலம் எவ்வளவு நேரம் நிற்கும்? கட்டடம் கட்டும் இடத்தில் தேங்கிய நீரைக் கொட்டும் பொறுப்பு அங்கே கூலிக்கு நிற்பவருடையதா, கட்டடத்தை எடுத்தவருடையதா என்ற கேள்வி வாட்சன் காலத்துக் கேள்விதான்.

இலங்கை இந்தக் கேள்விக்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. 2012க்குப் பின் உள்ளூரில் மலேரியா தொடர்ந்து பரவவில்லை, 2016 செப்டம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் அந்நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. இப்போது அங்கே காணப்படும் மலேரியா பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களோடு வருவது. 1963இல் ஆண்டுக்கு 17 பேராகக் குறைந்த நோய், கண்காணிப்புத் தளர்ந்ததும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஐந்து லட்சத்தைத் தாண்டியதை அந்நாடு மறக்கவில்லை. எனவே வெளிநாடு போகிறவர்களுக்கு மலேரியா தடுப்பு மாத்திரையை அரசின் மலேரியா ஒழிப்பு இயக்கமே இலவசமாகக் கொடுக்கிறது, திரும்புகிறவர்களைக் கவனிக்கிறது. பயணியின் தற்காப்பை அவருடைய சொந்தச் செலவாக மட்டும் விடாமல் ஊரின் காவலாக அது கருதுகிறது.

மலேசியாவில் நிலைமை கடினமானது. 2018 முதல் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்நாட்டில் பதிவாகவில்லை. ஆனால் குரங்குகளில் வாழும் பிளாஸ்மோடியம் நோலெஸி என்ற கிருமி மனிதரைப் பரவலாகத் தாக்குவது 2004இல் சரவாக்கில் வெளிச்சத்துக்கு வந்தபின், நோயாளிகள் தொடர்ந்து காணப்படுகிறார்கள். அதைக் கடத்தும் கொசுக்கள் காட்டிலும் காட்டோரத் தோட்டங்களிலும், வீட்டுக்கு வெளியே, முன்னிரவிலேயே கடிக்கின்றன. வலைக்குள் நுழையுமுன் கடி விழுந்துவிடுகிறது. குரங்குகளுக்குக் கொயினா கொடுக்க முடியாது, காட்டு ஓடைகளையெல்லாம் குழாய்க்குள் விடவும் முடியாது. நோயாளிகளில் பெரும்பாலோர் மரம் வெட்டுகிறவர்கள், செம்பனைத் தோட்டங்களில் உழைக்கும் ஆண்கள். சபாவில் அவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் பிலிப்பீன்ஸிலிருந்தும் பிழைப்புக்கு வந்தவர்கள். அவர்களை அந்தி வேளையில் காட்டோரத்தில் நிறுத்தி வைப்பது வேலை நேரம்தான். அந்த நேரத்தை மாற்றும் அதிகாரம் தோட்ட நிர்வாகத்திடமும் தொழிலாளர் சட்டத்திடமும் இருக்கிறது.